எரிபொருள் இல்லாத ஜெனரேட்டர்: கணக்கு எங்கே இடிக்கிறது?

மேசைமேல் ஒரு மோட்டார். பெல்ட் போட்டு அதோடு இணைத்த கனமான இரும்புச் சக்கரம். மறுபக்கம் ஒரு ஆல்டர்னேட்டர் (அச்சைச் சுற்றினால் மின்சாரம் தரும் கருவி), அதில் மாட்டிய 100 வாட் பல்பு. பிளக்கைச் சொருகி மோட்டாரை ஓடவிடுகிறார்கள். சக்கரம் வேகம் பிடித்ததும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் ஒரு பங்கை மோட்டாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. "டீசலும் வேண்டாம், கரண்ட் பில்லும் வேண்டாம்" என்று காணொளி முடிகிறது.

இப்படிப்பட்ட காணொளிகள் வாட்ஸ்அப்பில் வலம் வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படித்தோமே, இது மட்டும் எப்படி ஓடுகிறது? அழியவே அழியாது என்றால், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடு என்று ஏன் சொல்கிறார்கள்? இரண்டுக்கும் விடை ஆற்றல் மாறா விதியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதியை வாசகமாக ஒப்பித்தால் எதுவும் விளங்காது. எண்களைப் போட்டு வரவு செலவு பார்த்தால்தான் அது வேலை செய்யும்.

## குழம்பும் நான்கு அளவுகள்

1. விசை: தள்ளுவது அல்லது இழுப்பது. மேசைமேல் வைத்த கல் அந்த மேசையை வருடக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு ஜூல்கூடச் செலவில்லை.

2. வேலை: விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது. 1 கிலோ பொருளை 1 மீட்டர் தூக்கினால் 9.8 ஜூல். நகராவிட்டால் பூஜ்யம்.

3. ஆற்றல்: வேலை செய்வதற்கான இருப்பு. இதற்கும் அலகு ஜூல்தான். மின்கட்டணத்தில் வரும் 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்.

4. திறன்: ஆற்றல் என்ன வேகத்தில் செலவாகிறது என்பது. நொடிக்கு 1 ஜூல் என்றால் 1 வாட். 1 குதிரைத்திறன் 746 வாட்.

'காந்த மோட்டார்' என்ற பெயரில் வரும் பித்தலாட்டங்கள் எல்லாம் முதல் இரண்டையும் கலக்கிவிடுவதில்தான் பிழைக்கின்றன. நிரந்தரக் காந்தம் விசை தரும், ஆற்றலை ஊற்றிக்கொண்டே இருக்காது. இரும்புத் துண்டு காந்தத்தை நோக்கிப் பாயும்போது கிடைக்கும் ஆற்றல், அதைப் பிய்த்து எடுத்துப் பழைய இடத்தில் வைக்கும்போது முழுதாகச் செலவாகிவிடும். ஒரு முழுச் சுற்றில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 1 யூனிட் மின்சாரம், 1 டன் எடையை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. வீட்டில் நாம் சாதாரணமாகச் செலவிடும் ஒரு யூனிட் எவ்வளவு பெரியது என்பது இதில் தெரியும். எடையை இறக்கி, தண்ணீரை இறக்கி, மிதித்துச் சுற்றி வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் திட்டங்களில் பாதி, இந்த எண்ணைப் பார்த்ததுமே படுத்துவிடும்.

## விதி சொல்வது இவ்வளவுதான்

முதலில் ஒரு எல்லைக்கோடு போட வேண்டும்: இந்த இயந்திரம், இந்த அறை, இந்தத் தொட்டி என்று. பிறகு கணக்கு எளிது. கோட்டுக்குள் வந்த ஆற்றலிலிருந்து வெளியே போனதைக் கழித்தால், உள்ளிருப்பு எவ்வளவு மாறியது என்பது வரும். எந்த வடிவில் வந்தாலும் போனாலும் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்கு இடிக்கும்.

வீட்டு மாடித் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தண்ணீர். அதன் நிலை ஆற்றல் 1,000 × 9.8 × 10 = 98,000 ஜூல். அதாவது 0.027 யூனிட். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சிறு டர்பைன் வைத்து மின்சாரம் எடுக்கலாமே என்ற யோசனை அடிக்கடி வருகிறது. எடுக்கலாம். துளியும் நஷ்டமில்லாமல் எடுத்தால் ஒரு 9 வாட் எல்இடி பல்பு 3 மணி நேரம் எரியும். அதே தண்ணீரை மேலேற்ற, 550 வாட் இழுக்கும் மோட்டார் 25 நிமிடம் ஓடியது என்று வைத்தால் 8,25,000 ஜூல் செலவு. தொட்டியில் சேர்ந்தது அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி எங்கே? தரைமட்டத்துக்கும் கீழே கிணற்றிலிருந்து தூக்கியது, மோட்டார் சுருள் சூடானது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் நீர் கொந்தளித்தது, குழாய் வளைவுகளில் உராய்ந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாலே ஒரு பகுதி கையில் சுடும்.

இந்த 'மீதி' வெப்பமாகப் போகிறது என்பதை நிறுவத்தான் பல காலம் ஆயிற்று. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் மேயர் 1842-இல் வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடு என்று எழுதினார். மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல் அதை அளந்து காட்டினார். எடைகள் கீழிறங்கும்போது தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் துடுப்புச் சக்கரம் சுழலும் அமைப்பு அவருடையது. எடைகளை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கியும் தண்ணீரின் வெப்பநிலை ஒரு பாகை ஃபாரன்ஹீட்கூட ஏறவில்லை. அந்தச் சின்ன ஏற்றத்தை அளந்து, எவ்வளவு வேலை எவ்வளவு வெப்பத்துக்கு ஈடு என்று 1850-இல் அவர் வெளியிட்ட எண் இன்றைய மதிப்பிலிருந்து 1 சதவீதம்கூட விலகவில்லை. இடையே 1847-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பொது விதியாக எழுதிவிட்டார்.

ஏன் இவ்வளவு தாமதம்? 1 லிட்டர் தண்ணீரை 1 பாகை செல்சியஸ் சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். அதே ஆற்றலில் அந்த லிட்டரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். 100 மீட்டர் அருவியில் விழும் தண்ணீர், கீழே வரும்போது கால் பாகைகூடச் சூடாவதில்லை. இயக்கமாகப் பார்த்தால் பிரம்மாண்டம், வெப்பமாகப் பார்த்தால் தெர்மாமீட்டரில் தெரியாத அளவு. கண்ணுக்கு ஆற்றல் மறைந்ததுபோலத்தான் இருக்கும்.

## சக்கரமும் ஆல்டர்னேட்டரும்

இப்போது மேசைமேல் இருக்கும் இயந்திரத்துக்கு வருவோம். சிறு மோட்டாரின் செயல்திறன் 75%, பெல்ட் 95%, ஆல்டர்னேட்டர் 70% என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு சாதனங்களுக்கு இவை தாராளமான எண்கள். மூன்றையும் பெருக்கினால் 50% வருகிறது. 1,000 வாட் கொடுத்தால் மறுமுனையில் 500 வாட். அந்த 500-ஐ மோட்டாருக்குத் திருப்பினால் 250. இதில் பல்புக்கும் பங்கு போக வேண்டும். விலை உயர்ந்த சாதனங்களைப் போட்டு ஒவ்வொன்றையும் 95 சதவீதமாக்கினாலும் பெருக்குத்தொகை 86%. 100-ஐத் தாண்ட வழியே இல்லை.

அப்படியானால் பிளக்கைப் பிடுங்கிய பிறகு பல்பு எரிந்தது எப்படி? சக்கரம்தான். 20 கிலோ எடையும் 25 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள தட்டையான சக்கரம், நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,700 ஜூல். வேறு எந்தச் செலவும் இல்லையென்றால் 100 வாட் பல்புக்கு 77 நொடி. பேரிங், பெல்ட், காற்றுத் தடை, மோட்டார் சுருளின் சூடு எல்லாம் பங்கு கேட்பதால் உண்மையில் அரை நிமிடம் தாங்கினாலே பெரிது. காணொளியும் அதற்குள் கட் ஆகிவிடும், அல்லது கேமரா வேறு பக்கம் திரும்பும்.

வேகம் பாதியானால் ஆற்றலும் பாதிதான் குறைந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,500 சுற்று 750 ஆகும்போது முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது. சக்கரத்தைப் பெரிதாக்கினால் கூடுதல் நேரம் ஓடும், மறுக்கவில்லை. அதை வேகம் பிடிக்கவைக்க முதலில் கரன்ட் கம்பத்திலிருந்து எடுத்ததும் அதே விகிதத்தில் கூடும். சக்கரம் சேமிப்புக் கிடங்கு, உற்பத்திக் கூடம் அல்ல.

ஆல்டர்னேட்டர் எப்படியும் சுற்றுகிறது, அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் என்ன நஷ்டம் என்பது அடுத்த கேள்வி. லோடு இல்லாதபோது அது லேசாகத்தான் சுற்றும். பல்பை மாட்டியதும் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம், சுழற்சியை எதிர்க்கும் திசையிலேயே அமைகிறது. லென்ஸ் விதி என்பது இதுதான். 1,500 சுற்றில் 500 வாட் எடுக்க வேண்டுமானால் அச்சின்மேல் குறைந்தது 3.2 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையை யாராவது தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் இதைக் காதாலேயே கேட்கலாம். உள்ளே ஏசியைப் போட்ட கணத்தில் இன்ஜின் சத்தம் அமுங்கி, பிறகு முக்கி எழும். வேகம் விழுவதை உணர்ந்த கவர்னர் (இன்ஜினின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) கூடுதல் டீசலைத் திறந்துவிடுகிறது. 1 லிட்டர் டீசலில் இருக்கும் சுமார் 10 யூனிட் வெப்பத்திலிருந்து, நல்ல ஜெனரேட்டர் மூன்று, மூன்றரை யூனிட் மின்சாரம் தரும்.

மின்சாரக் காரின் கூரையில் காற்றாடி வைத்து ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் யோசனையும் இதே ரகம். காற்றாடி எடுக்கும் ஆற்றலைவிட, அது காரைப் பின்னுக்கு இழுப்பதால் பேட்டரியில் போகும் ஆற்றல் எப்போதும் அதிகம்.

## தண்ணீரில் ஓடும் வண்டி

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் ஹைட்ரஜனை எரித்தே வண்டி ஓட்டலாம் என்பது இன்னொரு கதை. ஆனால் தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சிய சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வெளிவந்த அத்தனை ஆற்றலையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

எண்ணில் பார்த்தால், 18 கிராம் தண்ணீரைப் பிரிக்க 2,86,000 ஜூல். 1 லிட்டருக்கு 1.59 கோடி ஜூல், அதாவது 4.4 யூனிட். பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் அதிகபட்சம் அதே 4.4 யூனிட் வெப்பம் வரும், ஒரு ஜூல்கூடக் கூடாது. வண்டியில் நடப்பது வேறு: தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பு 70%, இன்ஜின் 25%, ஆல்டர்னேட்டர் 60% என்றால் ஒரு சுற்றில் திரும்புவது பத்தில் ஒரு பங்கு. வண்டி நகர்வதற்கு இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. வண்டி ஓடுகிறது என்றால் பெட்ரோல் டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, அல்லது பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது.

1996-இல் தமிழ்நாட்டையே கிறுகிறுக்கவைத்த மூலிகைப் பெட்ரோலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். 1 லிட்டர் பெட்ரோலில் இருப்பது 3.2 கோடி ஜூல் அளவு. காய்ந்த விறகே கிலோவுக்கு ஒன்றரைக் கோடி ஜூல்தான் தரும். தண்ணீரில் கொஞ்சம் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து லிட்டர் கணக்கில் எரிபொருள் எடுத்தால், அந்தக் கோடிகள் எந்தப் பக்கத்திலிருந்து கோட்டுக்குள் வந்தன? வேதியியல் தெரியாவிட்டாலும் கேட்கக்கூடிய கேள்வி அது. சோதனைக்கூடங்களும் வழக்கும் கடந்து, 2016-இல் சென்னை நீதிமன்றம் தண்டனை விதிக்கும் வரை அந்த விவகாரம் இழுத்தது.

## 350 சதவீதம் தரும் இயந்திரம்

விதியை மீறுவதுபோலத் தெரிந்து, உண்மையில் மீறாத ஒன்று பலர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒன்றரை டன் ஏசி 1.5 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு, அறையிலிருந்து 5.27 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூன்றரை மடங்கு! ஆனால் அது எதையும் உற்பத்தி செய்யவில்லை, இருந்த வெப்பத்தை இடம் மாற்றுகிறது. வெளியில் இருக்கும் யூனிட் தள்ளும் வெப்பத்தை அளந்தால் ஏறத்தாழ 6.8 கிலோவாட் இருக்கும்: அறையில் எடுத்தது 5.27, மின்சாரமாக வந்தது 1.5. கணக்கு நேர்.

அதனால்தான் மூடிய அறையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிராமல் சூடாகிறது. எடுத்த வெப்பமும் கம்ப்ரஸரின் மின்சாரமும் சேர்ந்து பின்பக்கக் கம்பிகள் வழியே அதே அறைக்குள்தான் விழுகின்றன.

## அழியாது என்றால் ஏன் சிக்கனம்?

9 வாட் பல்பின் ஒளி சுவரில் பட்டு வெப்பமாகிறது. மின்விசிறி கிளப்பிய காற்று உராய்ந்து ஓய்ந்து வெப்பமாகிறது. டிவி, மிக்ஸி, செல்போன் எல்லாமே கடைசியில் அறைவெப்பத்தில் முடிகின்றன. கூட்டுத்தொகை மாறவில்லை. ஆனால் அந்த வெப்பத்தைத் திரட்டி மறுபடி மின்விசிறியை ஓட்ட முடியாது.

காரணம், வெப்பத்திலிருந்து வேலை எடுக்க வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். அனல்மின் நிலையத்தில் நீராவி 540 பாகையிலும் குளிர்விக்கும் பக்கம் 40 பாகையிலும் இருந்தால், பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ காட்டிய உச்ச வரம்பு 61 சதவீதம். நடைமுறையில் நிலக்கரி நிலையங்கள் எட்டுவது 35 முதல் 40. மீதி குளிர்கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போகிறது. அறை முழுக்க 32 பாகை, வெளியேயும் 32 என்றால் வரம்பு பூஜ்யம். கடலில் கணக்கில்லாத வெப்பம் கிடக்கிறதே, அதில் கப்பல் ஓட்டலாமே என்பாரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் செயல்திறன் என்ற எண்ணும் ஏமாற்றும். கெய்சர் 100 சதவீதத்தை நெருங்கும் சாதனம். 15 லிட்டரை 30 பாகை சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முழுவதையும் தண்ணீரில் சேர்க்கும். ஆனால் அந்த அரை யூனிட்டுக்காக அனல்மின் நிலையத்தில் ஒன்றரை யூனிட் வெப்பம் எரிந்திருக்கிறது. மேல்தர ஆற்றலை எடுத்து 55 பாகைத் தண்ணீராக்குவது, என் பார்வையில், வீட்டில் நடக்கும் பெரிய விரயம். கூரையில் சூரிய வெப்பத்தட்டு இதற்குத்தான் பொருத்தம். சிக்கனம் என்று சொல்வது ஆற்றலின் அளவை அல்ல, அதன் தரத்தைக் காப்பாற்றுவதை.

தெரிந்தே நஷ்டப்படும் நிலையமும் ஒன்று உண்டு. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறன் கொண்டது. தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை உச்சத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் பொதுவாக 100 யூனிட் போட்டால் 70 முதல் 80 யூனிட்தான் திரும்பும். இருந்தும் லாபம்தான். காற்றாலைகள் பொங்கும் நள்ளிரவு யூனிட்டும் மாலை ஏழு மணி யூனிட்டும் ஒரே மதிப்பு அல்ல.

விலை நேரத்துக்கு நேரம் மாறலாம், இயற்கையின் விதி மாறுவதில்லை. அமாவாசையன்று மட்டும் புவியீர்ப்பு பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று தண்ணீரை ஏற்றி மறுநாள் இறக்கினால் ஆற்றல் சும்மா கிடைக்கும். அப்படி மாறாததால்தான் ஆற்றல் மாறுவதில்லை. இந்தத் தொடர்பைக் கணிதமாக நிறுவியவர் ஜெர்மன் கணிதவியலாளர் எம்மி நோதர், 1918-இல்.

## ஒருமுறை கணக்கு உண்மையிலேயே இடித்தது

1914-இல் இயற்பியலாளர் சாட்விக், பீட்டா சிதைவில் (அணுக்கரு ஒரு எலெக்ட்ரானை உமிழ்ந்து வேறு கருவாக மாறுவது) வெளிவரும் எலெக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வராமல் பல ஆற்றல்களில் சிதறி வருவதைக் கண்டார். கருவில் குறைந்த ஆற்றலுக்கும் எலெக்ட்ரான் கொண்டுவந்த ஆற்றலுக்கும் பொருந்தவில்லை. அணுவுக்குள் இந்த விதி சராசரியாகத்தான் பொருந்துமோ என்று நீல்ஸ் போரே யோசித்தார். பவுலி 1930-இல் வேறு வழி சொன்னார்: கண்ணுக்குச் சிக்காத ஒரு துகள் மீதியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தத் துகளான நியூட்ரினோவை 1956-இல் அணு உலை ஒன்றின் அருகே பிடித்தார்கள். தேனி பொட்டிப்புரத்தில் ஆய்வகம் அமைப்பது பற்றிச் சர்ச்சை நடந்ததே, அதே நியூட்ரினோ.

## ஒரு இயந்திரத்தைச் சோதிப்பது எப்படி?

1. எல்லைக்கோட்டைக் கண்ணால் பார்க்கும்படி வையுங்கள். இயந்திரம் மரமேசைமேல், சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 'இது வெறும் எர்த் ஒயர்' என்று சொல்லப்படும் கம்பியும் கூடாது.

2. வோல்ட்டைக் காட்டினால் நம்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட்டை 230 ஆக்கும், ஆற்றலைக் கூட்டாது. மல்டிமீட்டரின் வோல்ட்டையும் கிளாம்ப் மீட்டரின் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு, 0.3 உள்ள லோடில் அது உண்மையான வாட்டைப்போல மூன்று மடங்குக்கு மேல் காட்டும்.

3. வெளியீட்டைத் தண்ணீரில் அளந்து பாருங்கள். ஹீட்டரை 10 லிட்டர் வாளியில் போட்டு 10 நிமிடம் ஓட்டினால், 500 வாட் உண்மையென்றால் வெப்பநிலை 7 பாகை ஏற வேண்டும். மீட்டரை ஏமாற்றலாம், வாளியை ஏமாற்றுவது கடினம்.

4. தொடக்கத்திலும் முடிவிலும் சக்கரத்தின் வேகம், உள்ளே இருக்கும் பேட்டரியின் நிலை, டேங்கின் எடை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

5. எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்ப்பது என்பதை இயந்திரத்தின் எடையை வைத்து முடிவு செய்யுங்கள். யுபிஎஸ்-க்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியே 100 வாட் பல்பை, தாளில் போடும் கணக்குப்படி, 50 நிமிடம் எரியவைக்கும். நல்ல லித்தியம் செல்லில் கிலோவுக்குக் கால் யூனிட் வரை அடங்கும். 20 கிலோ பெட்டி முழுக்க அதையே ஒளித்து வைத்திருந்தாலும் 5 யூனிட், 500 வாட்டுக்கு 10 மணி நேரம். எனவே அந்த எடையுள்ள இயந்திரத்தை 500 வாட் லோடில், யாரும் தொடாமல், மூன்று நாள் ஓடவிட வேண்டும். உள்ளே டீசலோ பெட்ரோலோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மூன்று நாள் போதாது. மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.